பின் இருக்கையின் எடை

மோட்டார் சைக்கிளில் குலுக்கலைத் தாங்கும் பின் ஷாக்கைப் பற்றி ஆட்கள் என்னிடம் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் இரண்டு கொப்பியாவது நிறைந்திருக்கும். "கழுத மாதிரி ஒதைக்குது பாஸ்" என்பார் ஒருவர். "தொட்டில் மாதிரி ஆடுது, பின்னால இருக்கிறவ தூங்கி விழுந்துருவா" என்பார் இன்னொருவர். பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் யோசித்து, "இது கோவிச்சுக்கிட்ட மருமகள் மாதிரி. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா வீட்டுல எல்லாருக்கும் தெரியுது" என்றார். இப்படிப் பேசுகிறவர்களுக்காகவே நான் முப்பத்தெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். படித்து வந்த தொழில் இல்லை. கழற்றிப் பார்த்து, பூட்டத் தெரியாமல் முழித்து, மறுபடி கழற்றிக் கற்றுக்கொண்டது. எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான். அப்படித்தான் நானும் பாஸ் ஆனேன்.

பதுளையிலும் பசறையிலும் புதிதாகக் கராஜ் திறந்திருக்கும் உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்டீர்கள். தூரப் பயணத்துக்கென்று செய்த பெரிய பைக்குகளில், பின் ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற ஒரு குமிழ் இருக்கிறதே, அதை எப்படிப் பராமரிப்பது? பராமரிப்பு பெரிய விஷயமில்லை. சேற்றைக் கழுவுங்கள். எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மாதம் ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி விடுங்கள், இறுகிப் போகாது. இதெல்லாம் பைக்கோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தக் குமிழை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் புத்தகத்தில் இல்லை. அதை நான் ஒருமுறை தப்பாக நிறுத்தினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

பெரிய பைக்கைத் தொட்டுப் பார்க்காதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வரி. அந்தக் குமிழ் இருக்கைக்குக் கீழே, பக்கவாட்டில், கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய எண்ணெய்க் குழாய் ஷாக்கின் தலைக்குப் போகும். வலப்பக்கம் திருப்பினால் எண்ணெய் தள்ளி, ஸ்பிரிங் முன்கூட்டியே அழுந்தி நிற்கும், பாரம் தாங்கும். இடப்பக்கம் திருப்பினால் தளரும். திருப்பும்போது டிக், டிக் என்று சத்தம் கேட்கும். தனியாகப் போகிறவருக்கு ஒரு இடம், பின்னால் ஆளும் பெட்டியும் இருந்தால் வேறொரு இடம். அவ்வளவுதான் அதன் வேலை.

தியாகராஜா, ஸ்பிரிங்வெளி என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். என் வயதுதான், நான் தியாகு என்றுதான் கூப்பிடுவேன். கொழும்பில் யாரோ விற்ற பழைய பெரிய பைக் ஒன்றை வாங்கியிருந்தார். அவருடைய மனைவி பார்வதி அதே தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அந்த முப்பது வருடமும் அவருடைய முதுகில் உட்கார்ந்திருந்தது. முதுகெலும்பில் ஒரு வட்டு விலகியிருப்பதாக டொக்டர் சொல்லியிருந்தார். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நிற்க வேண்டும், குலுங்கக் கூடாது.

அவர்களுடைய ஒரே மகளைக் கட்டிக் கொடுத்திருந்தது மட்டக்களப்பில். மகளுக்கு ஒன்பதாம் மாதம். போன முறை பிள்ளை தங்கவில்லை. அப்போது பார்வதி பஸ்ஸில் புறப்பட்டு லுணுகலை வரை போய், வலி தாங்காமல் இறங்கித் திரும்பிவிட்டார். பஸ்காரன் ஒரு நோயாளிக்காக அரை மணிக்கு ஒருதரம் நிறுத்த மாட்டான். வேன் பிடித்தால் நிறுத்தலாம், ஆனால் வேனில் ஏறினால் முதல் வளைவிலேயே அவருக்கு வாந்தி. பைக்கில் போனால் காற்றும் உண்டு, நினைத்த இடத்தில் இறங்கலாம். இது தியாகுவின் யோசனை. பைக் வாங்குவதற்கு முன்பே இந்த யோசனை இருந்ததா, வாங்கிய பிறகு வந்ததா என்று நான் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் கராஜுக்கு வந்தார்கள். பார்வதி உட்காரவில்லை. சுவரில் கை வைத்து நின்றபடியே சொன்னார்.

"அண்ணே, நான் இவருகிட்ட சொல்லிட்டேன். இந்த ஒரு தடவ ஒக்காந்து பாக்குறேன். முதுகு புடிச்சிக்கிச்சின்னா அப்படியே திரும்பிருவேன். அப்பறம் புள்ளப்பேறு முடிஞ்சி அவளா வந்தாத்தான் பாக்குறது. என்னால ரெண்டாந்தடவ பாதியில எறங்கிட்டுப் புள்ளைக்குப் போன் பண்ண முடியாது."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. பாஸ் கைய வச்சா கட்டில் மாதிரி இருக்கும்" என்றார் தியாகு.

"கட்டில்ல படுத்தாலே வலிக்குது" என்றார் பார்வதி.

குமிழ் இறுகிப் போயிருந்தது. சிவப்பு மண்ணும், முன்பு வைத்திருந்தவர் எங்கேயோ உர மூட்டை ஏற்றிய தூளும் சேர்ந்து அதன் கழுத்தில் பாறையாகியிருந்தன. கழுவி, இளக்கி, குறைந்திருந்த எண்ணெயை நிரப்பினேன். குமிழ் அழகாகத் திரும்பியது. டிக், டிக் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு பாகம் திருப்தியான சத்தம் போடும்போது நாம் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

பிறகு எடை கேட்டேன். தியாகு எண்பது. பார்வதி அறுபத்தொன்று என்றார். சாமான் என்ன என்றேன். மூன்று பொதி. பின்னால் கட்டுவது ஒன்று, பக்கப் பெட்டிக்குள் இரண்டு.

"எத்தன கிலோ வரும் தங்கச்சி?"

"பெருசு பதினஞ்சு. மத்தது ஆறு, அஞ்சு."

யோசிக்கவே இல்லை. முப்பது வருடம் கூடையைத் தூக்கியவர்களுக்குக் கைதான் தராசு. இருபத்தாறு. நான் ஒரு அட்டைத் துண்டில் எழுதினேன். எழுதியது இருபது.

ஏன் இருபது? என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். பள்ளிக்கூடம் விட்டு மடுவத்துக்குப் போய் நின்றிருக்கிறேன். மடுவம் என்பது மலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. பறித்து வந்த சாக்கைத் தராசில் போட்டதும், கணக்கப்பிள்ளை காட்டுகிற எடையை அப்படியே எழுத மாட்டார். சாக்குக்கு இவ்வளவு, இலையில் இருக்கும் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எழுதுவார். கழிப்பார்கள் என்று தெரிந்து பெண்கள் முன்கூட்டியே கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். அதையே கேட்டு வளர்ந்தவன் நான். யாராவது ஒரு பொதியின் எடையைச் சொன்னால் என் மண்டைக்குள் தானாக இரண்டு கிலோ கழிந்துவிடும். மூன்று பொதி, ஆறு கிலோ. அட்டையில் இருபது. இப்படித்தான் வாழ்க்கை முழுக்கக் கழித்து வந்திருக்கிறேன், அதுவரை எந்த ஷாக்கும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்தக் கணக்குக்குப் பதினான்கு டிக் போதும் என்று முடிவெடுத்தேன். அடிக்கோடியிலிருந்து பதினான்கு எண்ணி நிறுத்தினேன். ரோட்டில் ஒரு சுற்றுத் தனியாக ஓட்டியும் பார்த்தேன். இரண்டு பேரையும் ஏற்றி உட்கார வைத்து, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று நாடாவால் அளந்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பார்வதியை ஏறி இறங்கச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. முதுகு வலிக்கிற பெண்ணை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்தேன். அது இரக்கம் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

கடைசியாகக் குமிழின் மேல் ஒரு கறுப்பு டேப்பும் ஒட்டினேன்.

"இதத் தொடாத தியாகு. நான் பாத்து வச்சிருக்கேன்."

"உசிரே போனாலும் தொட மாட்டேன்" என்றார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஏழேகாலுக்கு எனக்குப் போன் வந்தது. பசறை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நிற்பதாகத் தியாகு சொன்னார்.

"பாஸ், குத்துதுங்கிறா."

"எங்க குத்துது?"

"இடுப்புக்குக் கீழ. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆணி அடிச்ச மாதிரி குத்துதாம். பலகையில ஒக்காந்த மாதிரி இருக்காம்."

நான் அப்போது வீட்டு வாசலில் தேத்தண்ணியோடு நின்றிருந்தேன். ஆணி, பலகை. இரண்டு வார்த்தையும் இறுக்கத்தைத்தான் சொல்கின்றன என்று எனக்குப் பட்டது. ஸ்பிரிங்கை அதிகமாக இறுக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

"டேப்ப உரிச்சிட்டு இடப்பக்கம் நாலு திருப்பு. மெதுவா ஆயிரும்."

"தொடாதன்னு சொன்னீங்களே."

"இப்ப நாந்தான் சொல்றேன், தொடு."

திருப்பினார். போனை வைத்தார். நான் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

பின்னால் குத்துகிறது என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு காரணம் உண்டு. ஸ்பிரிங் மிக இறுக்கமாக இருந்தால் பள்ளத்தின் அடி அப்படியே மேலே வரும். மிகத் தளர்வாக இருந்தாலோ, பாரத்துக்கு ஷாக் முழுக்க இறங்கி, இனி இறங்க இடமில்லாமல் அடியில் போய் முட்டும். முட்டினால் அது ஸ்பிரிங்கே இல்லாத பலகைதான். பின்னால் இருப்பவருக்கு இரண்டும் ஒரே வலி, ஒரே வார்த்தை. வார்த்தையை மட்டும் வைத்து எது என்று சொல்ல எந்தப் பாஸாலும் முடியாது. எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் வாசலில் நின்று போனில் வைத்தியம் சொன்னேன்.

இருபது நிமிடத்தில் மறுபடி போன். இந்தத் தடவை பார்வதி.

"அண்ணே, வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆமா தங்கச்சி, சொல்லுங்க."

"சரி, இருங்க."

வைத்துவிட்டார். அவ்வளவுதான் பேசினார். எத்தனையோ வாடிக்கையாளர்கள் என்னை ஏசியிருக்கிறார்கள். என் சின்ன பைக்கை எடுத்துக்கொண்டு, சட்டை மாற்றாமல் கிளம்ப வைத்தது இந்த இரண்டு வார்த்தைதான்.

பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில், இரண்டு பக்கமும் தேயிலை மலை இருக்கிற ஒரு வளைவில் அவர்களைக் கண்டேன். பார்வதி ரோட்டோரத்து மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தியாகு கொஞ்சம் தள்ளி, தப்புச் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பதுள பஸ்ஸுக்கு நிக்கிறா" என்றார் என்னிடம், சத்தமில்லாமல்.

நான் பார்வதியிடம் போனேன். "தங்கச்சி, ஒரு பத்து நிமிசம் குடுங்க. பாத்துர்றேன்."

"பாருங்க. பஸ் வர்ற வரைக்கும் பாருங்க."

குனிந்து ஷாக்கைப் பார்க்கப் போனேன்.

"அண்ணே, அங்க என்னத்தப் பாக்குறீங்க? வலிக்கிறது அங்க இல்ல. ஏறி ஒக்காருங்க."

"நான் ஓட்டிப் பாத்துட்டுத்தானே குடுத்தேன்."

"ஓட்டிப் பாத்தீங்க. பின்னால ஒக்காந்து பாத்தீங்களா?"

முப்பத்தெட்டு வருடத்தில் நான் எத்தனை பைக் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றில்கூடப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. பாஸ் என்றால் முன்னால்தான் உட்காருவார். இதைக் கண்டுபிடிக்க அன்றுவரை ஒருவரும் இல்லை.

பொதிகளோடு சேர்த்து, அவர் இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். தியாகு ஓட்டினார். அடுத்திருந்த கோவிலடி வரை போய்த் திரும்பினோம், ஒரு கிலோமீட்டர்கூட இராது. முதல் பள்ளத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் பின்னால் பொத்தென்று இறங்கியது. மூன்றாவதில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் என் முதுகெலும்பு வழியாக ஏறிப் பல்லில் வந்து நின்றது. முன்னால் இருந்த தியாகுவுக்கு அது தெரியவே இல்லை. அவர் பாட்டுக்கு, "பாத்தீங்களா பாஸ், ரோடு இப்ப எவ்வளவு நல்லா போட்டிருக்கான்" என்றார்.

இறங்கியதும் டயரைப் பார்த்தேன். மட்கார்டின் உள்பக்கம் உரசிய தடம் பளபளவென்று இருந்தது. இறுக்கம் கிடையாது. பாரத்துக்கு முழுக்க இறங்கி முட்டுகிறது. அதை நான் போனில் இன்னும் நாலு டிக் தளர்த்தியிருக்கிறேன்.

ஆனால் பதினான்கு போதாமல் போனது ஏன் என்று விளங்கவில்லை. பின்னால் கட்டியிருந்த பெரிய பொதியை அவிழ்த்துத் தூக்கினேன். கை சொன்னது, இது பதினைந்து இல்லை என்று.

"தங்கச்சி, இது பதினஞ்சுன்னு சொன்னீங்களே."

"பதினஞ்சுதான்."

"தூக்கிப் பாருங்க, பதினெட்டு இருக்கும்."

"அது சாக்கோட. சாக்குக்கும் ஈரத்துக்கும் மூணு கழிச்சாப் பதினஞ்சு."

"யாரு கழிக்கச் சொன்னா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எப்பவும் கழிக்கிறதுதானே. யாரு சொல்லணும்?"

சிலர் கழிப்பார்கள் என்று கூட்டிச் சொல்வார்கள். சிலர் அந்தச் சண்டையே வேண்டாமென்று, எழுதப்படப்போகிற எடையையே முதலில் சொல்லிப் பழகிவிடுவார்கள். பார்வதி இரண்டாவது வகை. இந்த இரண்டு வகையும் எனக்குத் தெரியும். இவர் எந்த வகை என்று கேட்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

"மூணு பொதிக்கும் கழிச்சீங்களா?"

"மூணுக்குந்தான்."

"நானும் பொதிக்கு ரெண்டு கழிச்சேன் தங்கச்சி."

தியாகு ஹெல்மெட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"நல்லவேள, ரெண்டு பேரும் சேந்து என்னயக் கழிக்காம விட்டீங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றார் பார்வதி. ஆனால் மதகுச் சுவரிலிருந்து கையை எடுத்திருந்தார்.

அந்த வளைவுக்கு மேலேயே ஒரு மடுவம் இருந்தது. காலை நிறுவைக்குப் பெண்கள் சாக்குகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சரியான எடை தெரியாமல் இனி ஒரு டிக் கூடத் திருப்புவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். கணக்கப்பிள்ளை இளைஞர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு. கொழுந்துக்கு முன்னால் எங்கள் பொதிகளைத் தராசில் ஏற்ற ஒத்துக்கொண்டார். பதினெட்டு. ஒன்பது. எட்டு. முப்பத்தைந்து கிலோ. நான் இருபது என்று எழுதி வைத்தது.

"அக்காவும் ஏறுங்க" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

பார்வதி தயங்கினார். "எத்தனாயிரம் சாக்க இந்தத் தராசுல ஏத்தியிருப்பேன். நான் ஏறுறது இதான் மொதத் தடவ."

"ஏறுங்கக்கா, கொழுந்து மாதிரி கிள்ளிப் பாத்துக் காம்பு முத்தலான்னு சொல்ல மாட்டாரு."

ஏறினார். தராசு அறுபத்தாறு காட்டியது. கணக்கப்பிள்ளை வாய்ப் பழக்கத்தில், "அறுபத்தாறு, ரெண்டு கழிச்சு அறுபத்தி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். மடுவமே சிரித்தது. பார்வதியும் சிரித்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு. கராஜில் அவர் சொன்னது அறுபத்தொன்று.

ஆக நான் எழுதிய கணக்கில் மொத்தம் இருபது கிலோ குறைவு. ஒரு ஆறு வயதுப் பிள்ளையைப் பின்னால் ஏற்றிவிட்டு, ஏற்றவில்லை என்று சொன்ன மாதிரி.

இப்போது குமிழை அடிக்கோடிவரை தளர்த்தி, மறுபடி எண்ணித் திருப்பினேன். அங்கே இன்னொரு தப்பும் தெரிந்தது. முதல் ஐந்து டிக்குக்கு ஸ்பிரிங் அசையவே இல்லை. எண்ணெய் நிரப்பியபோது குழாய்க்குள் நின்ற காற்றை நான் முழுதாக வெளியேற்றவில்லை. பதினான்கு எண்ணினேன் என்றேனே, உண்மையில் ஒன்பதுதான் வேலை செய்திருக்கிறது. டிக் என்ற சத்தம் குமிழிலிருந்து வருகிறது, ஸ்பிரிங்கிலிருந்து அல்ல. கராஜில் ஐந்து நிமிடம் அளந்திருந்தால் இந்த மூன்று தப்பும் ஒன்றாகக் கையில் அகப்பட்டிருக்கும்: அவர் கழித்தது, நான் கழித்தது, காற்று கழித்தது.

அடுத்த முடிவுதான் கஷ்டம். குமிழில் இன்னும் இடம் இருந்தது. கடைசிவரை இறுக்கினால் முப்பத்தைந்து கிலோவையும் தூக்கிவிடும், முட்டாது. ஆனால் அவ்வளவு இறுக்கினால் சின்னப் பள்ளம்கூட அவருடைய முதுகுக்குத் தெரியும். மட்டக்களப்புக்கு இன்னும் முக்கால்வாசித் தூரம் இருந்தது. பதுளை பஸ் வருகிற நேரமும் ஆகிவிட்டது. தியாகு, "முழுக்க இறுக்குங்க பாஸ், கெளம்புவோம்" என்று அவசரப்படுத்தினார். பைக் ஓடிவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்வதி வழியில் பிபிலையில் மறுபடி இறங்கி நின்றால், அங்கே நான் இருக்க மாட்டேன்.

"பெரிய பொதியில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"கெழங்கு" என்றார் பார்வதி.

"பதினெட்டு கிலோவும் உருளக்கெழங்கா? மட்டக்களப்புல கெழங்கு கெடைக்காதா?"

"கெடைக்கும். எங்க ஊரு கெழங்கு கெடைக்குமா?"

"தங்கச்சி, ஒண்ணு கெழங்கு பைக்குல போவணும், இல்ல நீங்க போவணும். ரெண்டும் சேந்து போனா எறங்கப்போறது நீங்கதான், கெழங்கு இல்ல."

அவர் பொதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தியாகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். முந்தின நாள் பார்வதியிடம் எடையை மட்டும் கேட்டுவிட்டு, மிச்சமெல்லாம் நான் தியாகுவிடம்தான் பேசியிருந்தேன். பைக் அவருடையது. முதுகு இவருடையது.

"மட்டக்களப்பு பஸ் எத்தன மணிக்கு வரும்?" என்று பார்வதி மடுவத்துப் பெண்களிடம் கேட்டார். அரை மணியில் வரும் என்றார்கள். "அப்ப கெழங்கு அதுல வரட்டும். மருமகன் ஸ்டாண்டுல நின்னு எடுத்துக்கிருவாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "நான் ஏறுறேன். ஆனா நான் போதும்னு சொன்னாத்தான் போதும்" என்றார்.

இரண்டு பேரையும் ஏற்றி உட்கார வைத்தேன். கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தாள், நான் மறு நுனியைப் பிடித்தேன். இறங்குகிற அளவு சரியாக வரும்வரை திருப்பினேன். பிறகு கோவிலடி வரை ஓடித் திரும்பச் சொன்னேன்.

"முட்டல. ஆனா மேல தூக்கிப் போடுது" என்றார் பார்வதி.

இரண்டு தளர்த்தினேன். ஓடித் திரும்பினார்கள்.

"இப்ப?"

"ஒரு எடத்துல மட்டும். அந்தப் பெரிய பள்ளத்துல."

"அந்தப் பள்ளத்துல ராசாவே போனாலும் ஆடும்" என்றார் தியாகு.

"ராசாவுக்கு முதுகு நல்லாருக்கும்."

ஒன்று இறுக்கினேன். மூன்றாவது தடவையும் ஓடித் திரும்பினார்கள். பார்வதி இறங்கி, மதகைச் சுற்றி நடந்து, நின்று, முதுகைப் பின்னால் வளைத்துப் பார்த்தார். போதும் என்று தலையை ஆட்டினார். எத்தனை டிக்கில் நிறுத்தினேன் என்று நான் எண்ணவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொதியைப் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் வாங்கி வைத்தார். பார்வதி பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, நனையாத இடத்தில் வைக்கச் சொன்னார். பிறகு பைக்கில் ஏறினார். தியாகுவின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். வளைவில் மறையும்வரை நான் பின் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

கராஜுக்குத் திரும்பினேன். அன்று பகல் முழுக்க இரண்டு பைக் வந்தன, இரண்டையும் சரியாகச் செய்தேனா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் போன் பண்ணவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பார், எடுக்க மாட்டார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிபிலையில் நிற்கிறோம் என்று ஒரு செய்தி வந்துவிடக் கூடாதே என்பதுதான் காரணம்.

மூன்று மணிக்கு மேல் தியாகுவிடமிருந்து போன் வந்தது.

"பாஸ், சேந்துட்டோம்."

"எத்தன எடத்துல நிப்பாட்டுனீங்க?"

"அது என்னமோ பத்துப் பன்னண்டு எடம். ஒரு எடத்துல எளநி குடிக்க நிப்பாட்டச் சொன்னா. ஒரு எடத்துல மயில் பாக்க."

"இப்ப எங்க?"

"உள்ள. புள்ள வாசலுக்கு வந்துச்சி. இவ பைக் நிக்கிறதுக்கு முன்னாலயே எறங்கிட்டா. செருப்பக்கூடக் கழட்டாம உள்ள போயிட்டாங்க ரெண்டு பேரும். ஹெல்மெட் இன்னும் தலையிலதான் இருக்கும்னு நெனைக்கிறேன்."

"முதுகப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

தியாகு யோசித்தார். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது, யாரோ யாரையோ உட்காரச் சொல்லி அதட்டினார்கள்.

"இல்லையே" என்றார். "கேட்டுச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன்.